ஏழு தப்படி தள்ளி

அக்காவின் தையல்கடை ஷட்டர் அன்று மாலையும் வலது மூலையில் முட்டிக்கொண்டு நின்றது. சின்னவள் தோளைக் கொடுத்துத் தூக்க, அக்கா இழுத்துப் பூட்டினாள்.

"ஷட்டர் போட்டவனைச் சொல்லணும். கோணலா மாட்டிட்டுப் போயிட்டான்" என்றாள் அக்கா.

சின்னவள் குனிந்து பார்த்தாள். ஷட்டர் நேராகத்தான் இருந்தது. படிதான் வலப்பக்கம் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடையின் தரையும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. எதிர்வரிசைக் கடைகள் மட்டும் அசையாமல் நின்றன. கடைக்கு நேர் முன்னால்தான் புதுப் பாலத்தின் நான்காம் தூண் வரப்போகிறது. அந்தத் தூணுக்கான மண் பரிசோதனையை அவள் பொறியாளராகச் சேர்ந்திருந்த அரசுப் பாலப் பிரிவு எதிர்வரிசையில்தான் செய்திருந்தது.

அதை யாரும் ஒளிக்கவில்லை. தூண் வரும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகிறது. துளை போடும் முக்காலியை அங்கே நிறுத்த முடியாது. அதனால் ஏழு தப்படி தள்ளிப் போட்டார்கள். அந்தப் பிரிவில் அது நெடுநாள் பழக்கம். கம்பி, மரம், தண்ணீர்க் குழாய், எது குறுக்கே வந்தாலும் முக்காலி நகரும். துளைக்கு வைத்த பெயர் மட்டும் நகராது. 'நான்காம் தூண், ஒன்பது மீட்டரில் பாறை' என்று ஒருமுறை பேச்சில் வந்துவிட்டால், அதன்பிறகு எல்லாருக்கும் அதுதான் நான்காம் தூண். எஸ்டிமேட்டும் அப்படியே போட்டாகிவிட்டது.

"என்னடி படியையே முறைச்சுப் பாக்குற? அது என்ன உன்கிட்ட கடன் வாங்கிச்சா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லைன்னா வாயைத் திற. கடையோட சொந்தக்காரர் கேட்டுட்டே இருக்கார். குத்தகையைப் புதுப்பிக்கிறியா, காலி பண்றியான்னு. நீ அந்த ஆபீஸ்லயே இருக்கே. பாலம் சொன்ன நாள்ல முடியுமா, முடியாதா? அதைச் சொல்லு, போதும்."

அக்கா கேட்பதில் நியாயம் இருந்தது. அவளுடைய முந்தைய கடை ஊரின் மறுபக்கம் இருந்தது. அங்கேயும் ஒரு பாலம் வந்தது. பாறை என்று நினைத்துத் தோண்டிய இடத்தில் சேறு வந்தது. கூடுதல் ஆழத்துக்கு யார் செலவு செய்வது என்று ஒப்பந்தக்காரரும் அரசும் மல்லுக்கட்ட, வேலை அப்படியே நின்றது. கடைக்கு முன்னால் அடித்த தகர வேலிக்கு அக்கா 'வீட்டோட மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். நாலு நாளைக்கு என்று வந்தவன் நகரவே இல்லை. வாடிக்கையாளர்களுக்குக் கடைக்கு வழி தெரியாமல் போய், கடைசியில் அக்காதான் நகர்ந்தாள்.

"ரெண்டு நாள் பொறுக்கா" என்றாள் சின்னவள்.

மறுநாள் காலை தலைமைப் பொறியாளரின் அறை வாசலில் அவள் மூன்று தடவை நின்றாள், இரண்டு தடவை திரும்பினாள். படி சாய்ந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம். கட்டியவன் சரியில்லாமல் கட்டியிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. இதற்குள் பெரியவர்களிடம் போய்ப் படிக்கட்டைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்.

உள்ளே போய், தூண் வரும் இடத்திலேயே ஒரு துளை போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஏம்மா, ஏழு தப்படியில பூமி மாறிடுமா?"

"மாறாமலும் இருக்கலாம் சார்."

"வெள்ளிக்கிழமை டெண்டர் போகுது. இப்போ கரண்ட்டை நிறுத்தி, கம்பியை இறக்கி, முக்காலியைக் கொண்டுபோய் வச்சு... கடைசியில அதே ஒன்பதுல பாறை வந்துச்சுன்னா மேலிடம் என்னைத்தான் காய்ச்சி எடுக்கும்."

"சேறு வந்துச்சுன்னா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஊரோட மறுபக்கம் சேறு வந்து நின்னுபோன பாலத்தைப் பத்தி வர்ற கேள்விகளுக்கு இன்னும் பதில் எழுதிட்டிருக்கேன்மா. ஒரு துளை. ஒரே ஒரு நாள். போ, போ, என் மனசு மாறுறதுக்குள்ள போயிடு."

அக்காவிடம் சொல்வதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்த வாரம் அது.

"பகல் முழுக்க கரண்ட் இருக்காதா? உன் மூளையில எப்பவாவது இருக்கா? வர்றவங்களுக்கு நான் என்ன சொல்றது, என் தங்கச்சி வாசல்ல குழி தோண்டுறான்னா?"

"அப்படியே சொல்லுக்கா."

"வாயைப் பாரு வாயை!"

வியாழக்கிழமை முக்காலி வந்தது. துளை போடும் போர்க்காரரும் அவருடைய ஆட்களும் கடை வாசலில் அதை நிறுத்தினார்கள். கம்பி இறங்கிக் கிடந்தது. அக்கா கால்மிதி மெஷினை வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டு, மெஷினை மிதித்தாளா, கோபத்தை மிதித்தாளா என்று தெரியாதபடி மிதித்துக்கொண்டிருந்தாள். தலைமைப் பொறியாளரும் வந்துவிட்டார். ஓரமாகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார மறுத்து நின்றார்.

துளைக்குள் இறக்கிய குழாயின் தலையில் சுத்தியல் விழும். எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். மேலே செம்மண். அதற்குக் கீழே மணல் கலந்த கெட்டி மண். சுத்தியலை நன்றாக எதிர்த்து நின்றது. ஒவ்வொரு 'டங்'கிற்கும் சின்னவளுக்கு உயிர் போய் வந்தது. எதிர்வரிசையில் வந்த அதே மண், அதே வரிசை.

"பாறைதான் போல" என்றார் தலைமைப் பொறியாளர், யாரிடம் என்று இல்லாமல்.

ஏழு மீட்டர் தாண்டியதும் சத்தம் மாறியது. 'டங்' இல்லை, 'தொப்'. இரண்டே சுத்தியல் அடியில் குழாய் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. மேலே எடுத்துத் திறந்தார்கள். கன்னங்கரிய களிமண். விரல் வைத்தால் விரல் பதிந்தது.

"எல்லாம் சகதி மேடம்" என்றார் போர்க்காரர். "இறங்கிட்டே இருக்கு."

ஒன்பது மீட்டரில் சகதி. பதின்மூன்றிலும் சகதி. பதினேழில்தான் பாறை தட்டியது. அது வெறும் குண்டுக்கல்லாக இருக்கக்கூடாதே என்று அதையும் துளைத்துப் பார்த்தார்கள். பாறைதான், நீளமாக உடையாமல் வந்தது.

சின்னவளுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. அடுத்த நொடியே வெட்கமும் வந்தது. காலுக்குக் கீழே இத்தனை சேறு கிடக்கிறது, இதற்குப் போய் மகிழ்வதா? தலைமைப் பொறியாளரைப் பார்க்கப் பயந்து, சேற்றைப் பையில் போட்டுக் கட்டினாள். முடிச்சு விழவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அவர் அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா! இன்னைக்கே வந்துச்சே! தோண்ட ஆரம்பிச்ச பிறகு வந்திருந்தா..." அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். போனை எடுத்து, வெள்ளிக்கிழமை டெண்டர் போகாது என்றார். நான்காம் தூணுக்கு ஏறக்குறைய இரு மடங்கு ஆழம், அதற்கேற்ற செலவு, எல்லாம் எஸ்டிமேட்டில் ஏறட்டும் என்றார். மறுமுனையில் யாரோ கத்துவது கேட்டது. "கத்துங்க சார், இப்பவே கத்திடுங்க" என்றார் அவர். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மத்த தூண்ல எதெது தள்ளிப் போட்டது?"

"ஆறும் ஒன்பதும் சார்."

"அதுக்கும் முக்காலியை அனுப்பு. சரியான இடத்துல."

அக்கா மெஷினை விட்டு எழுந்து வந்தாள். கருப்புச் சேற்றை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"இது மேலதான் நான் கடை வச்சிருக்கேனா?"

"ஆமாம்மா. கடை லேசான கட்டடம், படி கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். ஆனா நாங்க எழுப்பப்போற தூண் இதுமேல நிக்காது. பாறை மேல நிக்கும்" என்றார் தலைமைப் பொறியாளர். "டெண்டர் ரெண்டு மாசம் தள்ளும். ஆரம்பிச்ச பிறகு உங்க வாசல்ல எட்டு மாசம் வேலை இருக்கும். செலவைப் பத்தின தள்ளுமுள்ளெல்லாம் அதுக்கு முன்னாடியே காகிதத்துல முடிஞ்சிடும்."

அக்கா அவரை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் தங்கையைப் பார்த்தாள்.

"நீ சொல்லுடி. இருக்கவா, காலி பண்ணவா?"

சின்னவள் வழக்கம்போல மனத்துக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இந்த வாசலைப் பொறுத்தவரை நெருடுகிற மாதிரி ஒன்றும் மிச்சமில்லை.

"இரு அக்கா. எட்டு மாசம் கஷ்டப்படணும். ஆனா முடிஞ்சிடும்."

"அப்போ புதுப்பிக்கிறேன்னு சொல்லிடறேன்" என்று அக்கா போனை எடுத்தாள். எண்ணைத் தட்டிக்கொண்டே அதட்டினாள்: "காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல, மூஞ்சி எப்படி இருக்கு பாரு. கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம். சார், நீங்களும்தான்."