நாற்பத்தொரு வேகன்கள்

"கதவை நல்லாத் தள்ளிப் பிடி" என்று கெரின் அண்ணனிடம் சொன்னபோது, இரண்டாவது ஸ்பீக்கர் அஞ்சலி மண்டபத்தின் பக்கவாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. ஒவ்வொன்றும் நாற்பத்திரண்டு கிலோ. டேமியன் கறுப்புக் கோட்டும் டையுமாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றானே தவிர, ஒரு கை கொடுக்கவில்லை. கொடுத்தால் தானும் இந்தக் கூத்துக்கு உடந்தை என்று ஆகிவிடும். உள்ளே அவர்களுடைய அப்பா ராஸ் பிக்கரிங் மூடிய சவப்பெட்டியில் கிடந்தார். மூடிமேல் ஒரு கட்டுக் கோதுமைக் கதிர். சடங்கு தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

ஆஸ்திரேலியாவின் கோதுமை ஊரான ஹார்ஷமில் சாவுக்கு யாரும் சாமான் செட்டோடு வருவதில்லை. இறந்தவருக்குப் பிடித்த பாட்டைக் கொடுத்துவிட்டால், மண்டபத்தில் சுவரின் உச்சியில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு மாட்டியிருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். முந்தின நாள் கெரின் அவற்றைக் கேட்டுப் பார்த்தாள். "இதுல எங்கப்பாவ அனுப்ப முடியாது" என்றாள். மண்டபத்தை நடத்தும் ஹென்ஸ்லி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு ஆறுதலாகத் தலையாட்டினார். அவளுக்கு வந்திருந்தது கோபம்.

ராஸ் முப்பத்துநான்கு வருடம் தானியக் குதிரில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டின் பின்கட்டில் இருந்த கார் கொட்டகையைக் காலி செய்தார். ஜன்னலை அடைத்து, சுவருக்கு இரட்டைப் பலகை அடித்து, கருநீலச் சாயம் பூசி, கம்பளம் விரித்து, ஐந்து சாய்வு நாற்காலி போட்டு அதை ஹோம் தியேட்டர் ஆக்கினார். திரையும் நாற்காலியும் ஒரே மாதத்தில் வந்துவிட்டன. ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் தேர்ந்தெடுக்க ஒன்பது மாதம் ஆனது. இரண்டாவது மாதத்திலேயே கணையத்தில் கட்டி என்று தெரிந்துவிட்டது. அடுத்த குளிர்காலத்தைப் பார்க்க மாட்டார் என்றார் டாக்டர். மறுநாள் காலை ராஸ் பல்லாரட்டில் ஒரு கடைக்குப் போன் செய்து, ஸ்பீக்கர் கேட்க வருவதாக நேரம் குறித்துக்கொண்டார்.

டேமியன் மெல்போர்னிலிருந்து போனில் கத்தினான். "சாகப் போற நேரத்துல உனக்கு எதுக்குப்பா ஸ்பீக்கர்?"

"செத்தப்புறம் கேக்க முடியாதேடா, அதான்" என்றார் ராஸ்.

ஒவ்வொரு கடைக்கும் கெரின்தான் ஓட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர்கள் இசையைப் போடுவார்கள், குண்டு வெடிக்கும் படத்தைப் போடுவார்கள். ராஸ் அதையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, தானே பதிவு செய்த ஒரு சத்தத்தைக் கொடுப்பார். அறுவடைக் காலத்து விடியலில், குதிருக்குப் பின்னால் உள்ள ரயில்வே கேட்டைக் கடந்துபோகும் கோதுமை ரயில். நாலு நிமிடம். பிறகு பாத்திரம் துடைக்கும் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வேகன்களை எண்ணுவார். மட்டமான ஸ்பீக்கரில் பத்துப் பதினைந்துக்குமேல் எல்லாம் குழைந்து ஒரே இரைச்சலாகிவிடும். நல்ல ஸ்பீக்கராக இருந்து ஆம்ப்ளிஃபயர் சோப்ளாங்கியாக இருந்தால், முப்பதுக்குமேல் கணக்கு தப்பும். மொத்தம் நாற்பத்தொன்று.

விற்க நினைக்கும் ஜோடியைக் கடைக்காரன் ஒரு நூல் சத்தமாக வைப்பான். சத்தம் கூடினால் காது அதையே நல்லது என்று நம்பிவிடும். ராஸ் சட்டைப்பையிலிருந்து சத்தம் அளக்கும் கருவியை எடுத்து இரண்டையும் சமமாக்கிவிட்டுத்தான் துணியைக் கட்டுவார். "வாய் பெருசா இருக்கறவன் எல்லாம் பாட்டுக்காரனா?" என்று கேட்பார். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அம்மா கிளெனிஸ் ஒரு ஓரமாக உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருப்பாள். கேட்டால், எல்லாம் ஒரே சத்தம்தான் என்பாள்.

கடைசியில் அடிலெய்டில் இரண்டே பேர் நடத்தும் ஒரு பட்டறையின் ஸ்பீக்கரில் ராஸ் நாற்பத்தொன்று எண்ணினார். ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று போட்டியிட்டன. இருபது பொத்தான் உள்ளதைத் தள்ளிவிட்டு, ஒரே ஒரு குமிழ் உள்ள கனத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சக்கரத்தின் சத்தம் இழுபடாமல் நிற்க வேண்டிய இடத்தில் இதில் நிற்கிறது என்று காரணம் சொன்னார். ஸ்பீக்கர் முதலில் வந்தது. ஆம்ப்ளிஃபயர் தாமதமானது. அதற்குள் அவர் படுக்கையோடு படுக்கையாகிவிட்டார்.

"ஒரு தடவை எனக்குப் போட்டுக் காட்டிடு" என்று கெரினிடம் கேட்டார். அவள் சரி என்றாள்.

கடைசிவரை நிற்பது காதுதான் என்று வீட்டுக்கு வந்த நர்ஸ் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை முழுக்க கெரின் அந்தக் காதில் குனிந்து, வண்டியில் ஏற்றிவிட்டார்கள், வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். செவ்வாய் காலை ஆறு இருபதுக்கு ராஸ் போய்விட்டார். பத்து மணிக்கு வண்டி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை. யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது. சொன்ன சொல்லை விடுவதாக இல்லை.

அந்தச் சொல்தான் இப்போது சவப்பெட்டிக்கு இருபுறமும் ஆளுயரத்துக்கு நின்றது.

ஹென்ஸ்லி விதிமுறை பேசினார். இரண்டு மணிக்கு வேறொரு குடும்பம் வருகிறது என்றார். நாலு நிமிடம்தான் என்றாள் கெரின். அவர் டேமியனைப் பார்த்தார்.

"அப்பாவ நடுவுல வெச்சுக் கடை விரிக்கிற" என்றான் டேமியன் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஊரே பாக்குது."

"பாக்கட்டும். கேக்கவும் கேக்கட்டும்."

அவள் முட்டிபோட்டு ஒயரை மாட்டினாள். இரண்டு கம்பியும் ஒரே வெள்ளை. எது எது என்று தெரிய, ஒன்றின் நுனியில் சிவப்பு நகப்பாலிஷ் தடவியிருந்தது. அவற்றை ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகளில் அவசர அவசரமாகத் திருகினாள். ஜனங்கள் வந்து உட்காரத் தொடங்கிவிட்டார்கள்.

சடங்கு நடந்தது. குதிரில் கூட வேலை பார்த்த ஒருவர் பேசினார். டேமியன் எழுதி வைத்திருந்ததைப் படித்தான். ஹோம் தியேட்டர் என்ற வார்த்தையே அதில் வரவில்லை. பிறகு கெரின் எழுந்து, இது அப்பா பதிவு செய்த ரயில் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனில் பொத்தானை அழுத்தினாள்.

ரயில் வந்தது. கேட்டின் மணி கேட்டது, சக்கரங்கள் கேட்டன. ஆனால் பொம்மை ரயில். அடிவயிறு இல்லாத சத்தம், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கூரைப் பக்கம் அலைந்தது. ஒன்பது வேகனுக்குமேல் அவளால் எண்ண முடியவில்லை. ஜனங்கள் மரியாதையாகத் தலையைக் குனிந்திருந்தார்கள். டேமியன் சற்று நிம்மதியானதுபோல் இருந்தது.

கெரின் கையிலிருந்த போனையே பார்த்தாள். அப்பா தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டாரா? மருந்தில் மயங்கியிருந்த மனிதர் எண்ணியது நாற்பத்தொன்றுதானா, அல்லது களைத்துப்போய்ச் சொன்ன எண்ணா? ஒன்பது மாதம், கண்ணில் துணி கட்டி, வாந்தி எடுக்கும் வாளியைக் காரில் வைத்துக்கொண்டு போனதெல்லாம் இதற்குத்தானா?

முன்வரிசையில் கிளெனிஸ் எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு நிதானமாக நடந்து வந்தாள்.

"இது உங்கப்பாவோட ரயில் இல்ல" என்றாள். "முதல்ல அணை."

கெரின் அணைத்தாள். டேமியன் அம்மாவைக் கூட்டிப்போக எழுந்து வந்தான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, இடதுபக்க ஸ்பீக்கரின் பின்னால் மெல்ல மண்டியிட்டாள்.

"கறுப்புல மாட்டியிருக்க. சிவப்பு சிவப்புல போகணும். ரெண்டும் எதிரும் புதிருமா இழுத்தா சத்தம் எங்க இருக்கும்?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான் டேமியன்.

"அவருக்குக் கை நடுங்குச்சு, நான்தான் தடவிக் குடுத்தேன். என் நகப்பாலிஷ் எனக்குத் தெரியாதா?"

கம்பிகளை அவளே கழற்றி மாற்றினாள். ஹென்ஸ்லி கடிகாரத்தைப் பார்த்தபடி நெருங்கி வந்தார். கிளெனிஸ் தரையிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என் புருஷன் இன்னும் கேக்கல, மிஸ்டர் ஹென்ஸ்லி. உக்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார்.

கெரின் முதலிலிருந்து போட்டாள்.

இந்தத் தடவை மணிக்கு முன்பே தரை அதிர்வது தெரிந்தது. காலுக்கடியில் எங்கோ தூரத்தில் ஒரு கனம் புறப்பட்டு வந்தது. இன்ஜின் சவப்பெட்டியின் இடதுபக்கம் நுழைந்தது. பின்வரிசையில் குதிர் ஆட்கள் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள், கேட்டில் நிற்பவர்களைப்போல. ஒவ்வொரு வேகனும் தண்டவாள மூட்டில் ஏறி இறங்கி, சுமையோடு, தனித்தனியாகப் போனது. கெரின் எண்ணவில்லை. அவளுக்கு எண்ணத் தேவையிருக்கவில்லை. கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவும் இல்லை.

அம்மா எழுந்துகொள்ளவில்லை. ஸ்பீக்கரில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டேமியன் நின்றுகொண்டிருந்தான், கண்ணை மூடிக்கொண்டு. ஒரு கடைக்குக்கூட வராதவன், எத்தனை வேகன் என்று யாரிடமும் கேட்டிராதவன். அவன் உதடுகள் அசைந்தன.

கடைசி வேகன் வலதுபக்கச் சுவரைத் தாண்டிப் போனது. மணி நின்றது.

"நாப்பத்தொண்ணு" என்றான் டேமியன், யாரிடமும் இல்லாமல்.

மூடியின்மேல் கோதுமைக் கதிர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.