ஒரு தும்மலில் முறிந்தது

தும்மியதும் அவள் சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள். இந்த முறை விலா எலும்பு. போன மழைக்காலத்தில் மணிக்கட்டு, அதற்கு முன் பாதம். ஊரில் பேச்சு ஒன்றுதான்: புருஷன் அடிக்கிறான்.

பேச்சு அவள் அண்ணன் காதுக்கும் போனது. லாரி ஓட்டுபவன். லோடை இறக்கிய கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, வராந்தாவில் சுருண்டு உட்கார்ந்திருந்த அவள் கணவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

“என் தங்கச்சி மேல கை வச்சியாடா?”

அவன் திமிறவில்லை. “நான் அடிச்சிருந்தா, ஏன் உடையுதுன்னாவது தெரிஞ்சிருக்கும் மச்சான்.”

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. “அண்ணே, அவரை விடு. தும்மினேன், அவ்வளவுதான். இதைச் சொன்னா எனக்கே சிரிப்பு வருது. சிரிச்சா இன்னொண்ணு போயிடும்.”

டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டார். “எலும்பெல்லாம் சல்லடை மாதிரி இருக்கு. கிட்னியும் கெட்டிருக்கு. சிறுநீர்ல காட்மியம் வருது, துத்தநாக ஆலைக் கழிவுல இருக்கிற விஷம். வயலுக்குத் தண்ணி எங்கேருந்து பாயுது?”

“ஆலைக்குக் கீழ ஓடுற வாய்க்கால்லேருந்து,” என்றான் கணவன்.

“சாப்பிடுற அரிசி?”

“சொந்த வயல்தாங்க. கல்யாணமான நாள்லேருந்து கடை அரிசியை அவளுக்குக் காட்டினதே…” பழக்கத்தில் வந்த பெருமை பாதியில் நின்றது. “சரியாயிடுமா?” என்றான்.

“உள்ள போனது லேசுல வெளிய வராது. வலிக்கு மருந்து தரேன். அந்த அரிசி இனிமே வேண்டாம்.”

அண்ணன் எழுந்து வராந்தாவுக்குப் போனான். ஒவ்வொரு அறுவடைக்கும் முதல் மூட்டை அவன் வீட்டுக்குத்தான் வரும்; பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று மாப்பிள்ளையே சுமந்துவந்து இறக்குவான். மனைவிக்குப் போன் போட்டான்.

“சோறு வடிச்சிட்டியா?”

“பிள்ளைங்க சாப்பிட்டே எந்திரிச்சாச்சு. என்ன இன்னைக்குப் புதுசா கேக்குறீங்க?”

“அந்த மூட்டையைக் கட்டித் தனியா வை. இனிமே அதுல வடிக்காதே,” என்றான்.

சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த வேன் வயல் முனையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வரப்புதான். இரண்டு ஆண்களும் குனிந்து, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றி அவளுக்கு இருக்கை செய்தார்கள். இறுக்கினாலும் பயம், தளர்த்தினாலும் பயம். அவள் இருவர் கழுத்திலும் கை போட்டுக்கொண்டாள். பக்கவாட்டில் அடிமேல் அடியாக அவர்கள் நகர, தொங்கிய அவள் பாதங்களில் முற்றிய கதிர்கள் வழி நெடுக உரசிக்கொண்டே வந்தன.