கல்யாணமானால் முப்பத்தாறு

வழுக்கு மரத்தில் பெண்களும் ஏறலாம் என்று கந்தசாமி அண்ணன் சொன்னது வேடிக்கைக்குத்தான். அவர் எங்கள் ரப்பர்த் தோட்டத்து மன்றத்தின் செயலாளர். பொங்கல் விழாக் கூட்டத்தில் கோலப் போட்டி, பூக்கட்டும் போட்டி என்று பெண்களுக்கு வழக்கமாக உள்ளதையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, "வேணும்னா மரமும் ஏறுங்கலா, யாரு வேணாங்கிறா?" என்றார். ஆம்பளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எழுந்து நின்று, "என் பேர எழுதிக்குங்க அண்ணே. பவானேஸ்வரி, தேவன் சம்சாரம். ஆம்பளைங்க ஏறுற அதே மரம், அதே கிரீஸு" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். பேசிவிட்டு அப்புறம்தான் பயம் வரும். மரம் ஏறப் பயமில்லை. சின்ன வயதில் ரம்புத்தான் மரத்திலேயே குடியிருந்தவள் நான். பயம் வேறு. வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு மார்பு பெரிது. போன வருஷம் ஓட்டப்பந்தயத்தில் நான்தான் முன்னால் ஓடினேன். பாதித் தூரத்தில் இளவட்டங்கள் நின்ற பக்கமிருந்து விசில் கிளம்பியது. எதற்கென்று எனக்கும் தெரியும், அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். என் இரண்டு கையும் தானாக வந்து மார்பைக் கட்டிக்கொண்டன. கையைக் கட்டிக்கொண்டு யாராவது ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? கோழி குளிரில் நடப்பது மாதிரி கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மரத்தில் அந்த வேலை நடக்காது. கையைக் கட்டினால் நேரே கீழேதான். ஆகவே இந்தத் தடவை எவன் விசிலடித்தாலும் கை மரத்தை விடக் கூடாது. கை விடாமல் இருக்க வேண்டுமென்றால், உள்ளே இருப்பது ஆடாமல் இருக்க வேண்டும்.

என் மாமியார் முனியம்மா கேட்ட முதல் கேள்வி, "எலும்பு முறிஞ்சா யாரு சோறாக்குறது?" என்பதுதான். "உங்க மகன்" என்றேன். அதற்கப்புறம் அவர் மூச்சை மட்டும் பெரிது பெரிதாக விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குத் துணை ஷாந்தினி. குருபோங்கில் கம்ப்யூட்டர் சில்லு செய்யும் ஃபேக்டரியில் என் பக்கத்து நாற்காலி. கல்யாணமாகாத பெண். முருங்கைக்காய்க்குச் சுடிதார் போட்டது போல இருப்பாள். "யோகா கத்துக்கலாம்க்கா. கைகாலு பலமாவும்" என்று புக்கிட் பெருவாங்கில் ஒரு மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கைகால் பலமானது உண்மை. ஆனால் சர்வாங்காசனம் என்று ஒன்று இருக்கிறதே, காலை மேலே தூக்கித் தோளில் நிற்பது, அதில் என் உடம்பில் உள்ள கனமெல்லாம் சரிந்து என் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. "மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றார் டீச்சர். எங்கிருந்து இழுக்க? நான் ஏதோ முனகினேன். ஷாந்தினி தலைகீழாகவே சிரிக்க ஆரம்பித்து, என் மேல் சாய்ந்து, நான் அடுத்தவர் மேல் சாய்ந்து, அந்த வரிசையே படுத்துவிட்டது.

மரம் ஏறிப் பழகியது ஷாந்தினி வீட்டுக்குப் பின்னால் இருந்த பாக்கு மரத்தில். முதல் நாள் பாதி மரத்தில் ப்ராவின் முதுகுக் கொக்கி பட்டென்று தெறித்தது. மறுநாள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டேன். இரண்டு கொக்கியும் தெறித்தன. அடுத்து கிளினிக்கில் கால் சுளுக்குக்குக் கட்டும் பட்டியை வாங்கி ஷாந்தினி என்னைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். ஆடவே இல்லை. மூச்சும் வரவில்லை. மரத்தடியிலேயே கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஸ்போர்ட்ஸ் ப்ரான்னு ஒண்ணு இருக்குக்கா. டிவியில ஓடுறவளுங்க எல்லாம் அதான் போட்டுருக்காளுங்க" என்றாள் ஷாந்தினி.

"நம்ம ஊருல இருக்கா?"

"தேடுவோம்லா."

தேடினோம். டவுனில் இருந்த பெரிய கடைத்தொகுதியில் ஒரு மலாய்ப் பெண் கொண்டுவந்து காட்டியது தலையணைக்குப் போடும் உறையைவிடச் சின்னதாக இருந்தது. "நல்லா நீளும் காக், இழுத்தா பெருசாவும்" என்று மலாயில் என்னை அக்கா போட்டுச் சொல்லி இழுத்துக் காட்டினாள். போட்டுப் பார்க்கும் அறைக்குள் போனேன். தலை நுழைந்தது. இரண்டு கையும் நுழைந்தன. அதோடு நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. போலீஸ்காரனைப் பார்த்த திருடன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, முகத்தில் துணியோடு, இருட்டில் நின்றேன்.

"ஷாந்தினி, உள்ள வா."

வந்தாள். பார்த்தாள். உதவி செய்ய வந்தவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்காத, இழுடி!" என்றேன். ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். அது கழன்று வந்த வேகத்தில் அவள் திரையோடு வெளியே போய் விழுந்தாள். நான் கையில் கிடைத்த ஷாந்தினியின் கைப்பையால் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அந்த மலாய்ப் பெண்ணும் பாவம், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, இதைவிடப் பெரியது இல்லை என்றாள். விளையாட்டு என்பதே ஒல்லியானவர்களுக்கு மட்டும் என்று அந்தக் கம்பெனிக்காரன் எவனோ முடிவு செய்திருக்கிறான். அவன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே அவனை வழுக்கு மரத்தில் கட்டியிருப்பேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "பேர எடுத்துருவோம்லா. கால் சுளுக்குன்னு சொல்லிக்கலாம்" என்றேன். ஷாந்தினி நடுரோட்டில் நின்றுவிட்டாள். "கந்தசாமி மாமா மூஞ்சிய நெனச்சுப் பாருக்கா" என்றாள். நினைத்துப் பார்த்தேன். "சரி, தெங்கேராவுக்குப் போவோம்" என்றேன்.

தெங்கேராவில் ஜமாலுதீன் பாய் கடை. ஒரு காலத்தில் பாய் எங்கள் தோட்டத்துக்கு வேனில் துணி கொண்டுவந்து விற்றவர். புடவை, கைலி, பாவாடைத் துணி எல்லாம் விரித்துக் காட்டுவார். உள்சாமான் மட்டும் விரிக்க மாட்டார். நாம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "கல்யாணம் ஆயிருச்சாம்மா?" ஆகவில்லை என்றால் முப்பத்திநாலு. ஆகிவிட்டால் முப்பத்தாறு. நாளிதழில் சுற்றி நீட்டுவார். எங்கள் தோட்டத்துக்கு அதுதான் சட்டம். எனக்குத் தாலி ஏறிய மறுநாளே அம்மா முப்பத்தாறு வாங்கிக் கொடுத்தார். லயத்து வரிசையில் கடைசி வீட்டு வேலாயி அக்காவுக்கு நாற்பது வயதாகியும் வரன் அமையவில்லை. நல்ல தாட்டியான உடம்பு. இன்னும் முப்பத்திநாலில்தான் மூச்சு முட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகாமல் முப்பத்தாறு கேட்டால் ஊர் என்ன பேசும்?

வேன் ஓட்டுவதை விட்டு பாய் இப்போது கடையோடு இருந்தார். எங்களைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் மின்விசிறியைப் பார்த்தார். "உள்ள லத்தீஃபா இருக்காம்மா, போங்க" என்றார்.

லத்தீஃபா அக்கா அவர் மனைவி. கடையின் பின்னறை அவர் ராஜ்ஜியம். விஷயத்தைச் சொன்னேன். மரம் என்றதும் கண் விரிந்தது. "மரமா? நீயா? எல்லாரும் பாக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "அப்ப நல்லாப் புடிச்சு நிக்கணும்" என்று கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார்.

"அளக்க வேணாம்க்கா, எனக்கு முப்பத்தாறு" என்றேன்.

"யாரு அளந்தா?"

"யாரும் அளக்கல. கல்யாணம் ஆயிருச்சுல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். ஷாந்தினியைப் பார்த்தார். "நீ?" என்றார்.

"முப்பத்திநாலுக்கா. இன்னும் ஆகல" என்றாள் அந்த முருங்கைக்காய்.

லத்தீஃபா அக்கா திரையைப் பார்த்து, "ஏங்க!" என்று ஒரு குரல் கொடுத்தார். "கல்யாணத்த வச்சா சைசு குடுத்தீங்க?"

பாய் வெளியிலிருந்து சன்னமாக, "நான் என்ன பண்ணுவேன்? பாக்கவும் கூடாது, அளக்கவும் கூடாது. கேக்குறதுக்கு வேற மருவாதியான கேள்வி என்ன இருக்கு?" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவே இல்லை. பாவம், நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்.

அக்கா மார்புக்குக் கீழே ஒருமுறை சுற்றி அளந்தார், மேலே ஒருமுறை அளந்தார். "உடம்புச் சுத்தளவு முப்பத்திநாலு. அதான் முப்பத்தாறு முதுகுல நிக்காம ஏறுது. மேல இருக்கறதுக்குத் தனி அளவு, ஏ, பி, சின்னு எழுத்துல வரும். ஒனக்கு அந்த எழுத்துதான் பெருசு. அது பத்தாமதான் கொக்கி தெறிச்சிருக்கு."

"முப்பத்திநாலா?" என்றேன். "அப்ப எனக்குக் கல்யாணமே ஆகலயாக்கா?"

அவ்வளவுதான். ஷாந்தினி துணிக்கட்டின் மேல் சரிந்தாள். லத்தீஃபா அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தேவனிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமே என்று நினைத்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை. யாராவது ஒருவர் மூச்சு வாங்கி நிறுத்தினால் இன்னொருவர் "முப்பத்திநாலு" என்பார், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஹானா மாதிரிக்கு அனுப்பியதாம். "எல்லாரும் அதே ரெண்டு நம்பரக் கேட்டா இதெல்லாம் யாரு எடுப்பா?" என்றார். உள்ளே அகலப் பட்டையும் தடித்த அடி எலாஸ்டிக்கும் முன்பக்கம் ஜிப்புமாக ஒன்று இருந்தது. நிறம் மட்டும், ரோடு வேலை செய்பவர்கள் போடுகிற ஆரஞ்சு. எனக்கென்ன, மேலே சட்டை போடப் போகிறேன். மாட்டிக்கொண்டு ஜிப்பை இழுத்தேன். இறுக்கவில்லை. ஆனால் உடம்பை யாரோ பொறுப்பாக ஏந்திப் பிடித்துக்கொண்டது போல் இருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"குதி" என்றார் அக்கா.

குதித்தேன். பலகைத் தரை அதிர்ந்தது. அலமாரியிலிருந்து பொத்தான் டின் சரிந்து உருண்டது. நான் மட்டும் ஆடவில்லை.

"என்ன விழுந்துச்சு?" என்று பாய் வெளியிலிருந்து பதறினார்.

"ஒண்ணும் விழல! அதாங்க விசேஷம்!" என்று கத்தினார் அக்கா.

மறுபடியும் குதித்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குதித்தேன். எனக்குப் பெண் பிறந்தபோதுகூட அப்படிச் சந்தோஷப்பட்டேனா தெரியவில்லை. ஷாந்தினி என்னோடு குதித்தாள். லத்தீஃபா அக்காவும் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களோடு குதித்தார்.

பொங்கல் விழா அன்று திடலில் நல்ல கூட்டம். முதலில் ஆண்கள் ஏறினார்கள், சறுக்கினார்கள், ஏறினார்கள், சறுக்கினார்கள். கிரீஸில் பாதி அவர்கள் சட்டைக்கு வந்துவிட்டது. அவர்கள் துடைத்துக் கொடுத்த மரம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உச்சியில் கட்டிய பரிசுத் துணி மூட்டை அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்து, திருமதி பவானேஸ்வரி தேவன்!" என்று கந்தசாமி அண்ணன் மைக்கில் கூவினார். ஃபேக்டரி டி-சட்டையும் நீளக் கால்சட்டையுமாகப் போய், கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு மரத்தைக் கட்டிப் பிடித்தேன். காலைப் பூட்டி, கையை எட்டி, இழுத்து, மறுபடி பூட்டி. பாதி மரத்தில் விசில் வந்தது.

உள்ளே எதுவும் ஆடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விசில் வந்தது. அப்போதுதான் புரிந்தது, அவர்களுக்கு ஆடவே வேண்டியதில்லை, நான் ஒரு பெண்ணாக இருந்தாலே போதும். வலது கை மரத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். விடமாட்டேன் போடா என்று வாய்விட்டே சொன்னேன். மைக் மரத்தடியிலேயே இருந்ததால் ஊருக்கே கேட்டது. கையை மேலே போட்டேன். இழுத்தேன். இன்னொரு தரம். மூட்டையின் முடிச்சு விரலில் பட்டது. பிடுங்கிக் கீழே எறிந்தேன்.

கீழே ஷாந்தினி ஆடுகிறாள், தேவன் யார் தோளிலோ ஏறி நின்று என் பெயரைக் கத்துகிறார். விசிலெல்லாம் அந்தக் கூச்சலில் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் அழுதேன், சிரித்தேன், என் தலைக்கு மேலே வானத்தைத் தவிர ஒன்றுமே இல்லை.

"வெற்றி பெற்றவர் கீழே இறங்கவும்" என்றார் கந்தசாமி அண்ணன்.

"கொஞ்ச நேரம் இருக்கேன்லா அண்ணே!"

"இறங்குமா! அடுத்த ஆளு ஏறணும்!"

அடுத்த ஆளா? பேர் கொடுத்த பெண் நான் ஒருத்திதானே என்று குனிந்து பார்த்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் சாம்பலோடு, மரத்தின் அடியைக் கட்டிப் பிடித்திருந்தது என் மாமியார். ஒரு முழம் ஏறுவார், சர்ரென்று சறுக்குவார், தலையைப் பின்னால் சாய்த்து அப்படிச் சிரிப்பார். இத்தனை வருஷத்தில் அவருக்கு அத்தனை பல் இருப்பதே எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் வேலாயி அக்கா சாம்பலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"இறங்குமா!" என்று மறுபடியும் மைக் கத்தியது.

எப்படி இறங்குவது? கீழே ஆள் ஏறிக்கொண்டிருக்கிறதே.