நாலு பேருக்கான சட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. அதைச் சொன்னவன் நான்தான்.

மாற்றலாகி இலுப்பூர் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வலது தோள் இறுகிப்போய், கனமான பாத்திரத்தைத் தூக்கினால் கண்ணில் நீர் வந்துவிடும். கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடைக்குப் போய், எடை குறைந்த இருப்புச்சட்டி வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண் கேட்டார்: "வீட்ல எத்தனை பேரு சார்?"

"நாலு பேரு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னும் தெரியவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஐம்பத்தொரு வயது ஆண் ஒருவன் தனியாகச் சட்டி வாங்கப்…'

அடித்துவிட்டேன். ஆண் சட்டி வாங்கினால், மனைவி எங்கே என்று நீங்கள் உடனே கேட்பீர்கள். அதற்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆகவே அமராவதி. நாற்பத்தொன்பது வயது. சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். வாடகை வீடு. என் தோள்வலியை அவளுக்குக் கொடுத்தேன், பொய்யையும் கொடுத்தேன். (சிங்கப்பூரில் ஒரு கணவனை வைத்துப் பார்த்தேன். அவன் வாராவாரம் போனில் பேசத் தொடங்கிவிட்டான். அவனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.) கடைக்காரப் பெண்ணுக்கு அழகி என்று பெயர். அவருடைய உண்மைப் பெயரை நான் கேட்கவேயில்லை.

"நாலு பேருன்னா இதான்க்கா சரி" என்று அழகி ஒரு வார்ப்புச் சட்டியை நகர்த்தினாள். அமராவதி தூக்கிப் பார்த்தாள். ஒரு சாண் உயர்ந்ததும் தோள் மறுத்துவிட்டது.

"முடியலையா? வீட்ல வேற யாருக்கா சமைப்பா?"

"பொண்ணு சமைப்பா. ஹரிணி."

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அமராவதிக்கே தெரியவில்லை. அவள் பார்வை மேல்தட்டுக்குப் போனது. அங்கே மெல்லிய தகட்டில் ஒரு சட்டி இருந்தது. நீளக் கைப்பிடி. ஒரு கையால் எடுக்கலாம்.

"அது ஒத்த ஆளுக்குத்தான்க்கா காணும்."

"காலைல முட்டை போட மட்டுந்தான்."

அழகி எடுத்துக் கொடுத்தாள். "தேய்ச்சுக் கழுவி, மூணு நாளு வடிகஞ்சில ஊறப் போடுங்க. தெனமும் புதுக் கஞ்சி. அப்பறம் எண்ணெய் விட்டு வெங்காயத்தக் கருக வதக்குங்க. ஒட்டுச்சுன்னா போன் பண்ணுங்க, பையில நம்பர் இருக்கு."

3

(புதுச் சட்டியை இப்படித் தயார் செய்வதைப் 'பழக்குவது' என்போம். அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.)

அமராவதி வழக்கம்போல ஒரு கை அரிசி போட்டு வடித்தாள். கஞ்சி சட்டியின் அடியைத்தான் நனைத்தது. பிறகு மறுபடியும் உலை வைத்து, நாலு பேருக்கு அரிசி போட்டாள். இப்போது சட்டி மூழ்கியது. சோறுதான் மிஞ்சியது.

இரண்டாம் நாள் அவள் அந்தச் சோற்றை நாலு தட்டில்…

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அப்படிச் செய்தது நான். வீட்டில் தட்டு இரண்டுதான் இருந்தது. இரண்டு பாத்திர மூடிகளைத் தட்டாக்கிக்கொண்டேன். நாலிலும் பரிமாறினேன். ஒன்றில் சாப்பிட்டேன். அமராவதிக்கு இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து, மறுநாள் அதையே சாப்பிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் வெங்காயத்தை வதக்கினாள். சட்டியைக் கழுவி, முட்டை உடைத்து ஊற்றினாள். ஒட்டிக்கொண்டது. பையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள்.

4

"அழகி பேசுறேன், சொல்லுங்கக்கா. ஒட்டுதா? சோப்பு போட்டீங்களா?"

"லேசா."

"அய்யய்யோ, இனிமே சோப்பையே காட்டாதீங்க. ஹரிணி சாப்புட்டுச்சா?"

"சாப்புட்டா. முட்டைன்னா அவளுக்கு உசுரு."

இந்த வீட்டில் யாராவது சாப்பிட்டார்களா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. போனை வைக்க அமராவதிக்கு மனமில்லை. வெங்காயம் சின்னதா பெரியதா, நல்லெண்ணெயா கடலை எண்ணெயா என்று ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் கேட்டாள். பேச்சுவாக்கில் தெருப் பெயரையும் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம அங்கிட்டு ஒரு காதுகுத்துக்கு வாரேன்க்கா. வீட்டு அடையாளம் சொல்லுங்க. நானே பழக்கிக் குடுத்துட்டுப் போறேன்."

அமராவதி அடையாளம் சொல்லிவிட்டாள்.

5

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அமராவதி எதிர்வீட்டுப் பெண்ணை ஒரு மணி நேரம் ஹரிணியாக இருக்கச் சொல்கிறாள். எனக்கே சிரிப்பு வந்தது. இன்னொன்றில், காலை பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போய் சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்டில்…

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நானும் போன் செய்து அடையாளம் சொல்லியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேதான் இருந்தேன். பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். "சார்… சார்…" மின்விசிறியை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "வெளிய போயிருக்காக போல" என்று கடைக்காரப் பெண் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அதற்குப் பிறகு நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

அமராவதியை அப்படி உட்காரவைக்க மாட்டேன். அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுக்கிறாள். அழகி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போகிறாள். அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றுகிறாள். எண்ணெய் விடுகிறாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்க்கிறாள்.

"மத்தவங்கள்லாம் எங்கக்கா?"

"யாரும் இல்ல அழகி. நான் மட்டுந்தான்."

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஆறு மாதம் ஆனது.

அழகி திரும்புகிறாள். ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அது தெரிய வேண்டுமென்றால் அன்றைக்கு நான் கதவைத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் திறந்திருப்பீர்கள் என்றால், அடுத்த வரியை நீங்களே எழுதுங்கள். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. அவளை ரொம்ப நேரம் நிற்கவைக்காதீர்கள்.