பனி டயரும் வெயில் டயரும்

மழை தொடங்கிய முதல் வாரத்தில், நகரத்தின் நடுவில் இருக்கும் கியாக்டடாவில், விஜயகுமாரியின் கார் வழுக்கியது. முன்னால் போன பஸ் சட்டென்று நின்றதும் அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி ஈரத்தில் சறுக்கிப் போய், பஸ்ஸின் பின்பக்கத்தை முட்டிய பிறகுதான் நின்றது. யாருக்கும் அடியில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அவள் கணவன் உதயசூரியன், ஊசி குத்திக் கட்டுப்போட்ட இடது கையை மார்போடு அணைத்தபடி, "டயரைப் பாரு, குமாரி" என்று மட்டும் சொன்னான்.

இறங்கிப் பார்த்தாள். முன்டயர் இரண்டும் மொட்டையாகியிருந்தன. ஒன்றில் உள்கம்பி தெரிந்தது.

உதயசூரியன் ஷ்வேப்யிதாவில் ஒரு துணி ஆலையில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் வாங்கிய சின்ன ஜப்பான் கார் அது. சிறுநீரகம் கெட்டு வேலை போனதும் அவன் ஓட்டுவதை நிறுத்தினான். நாற்பது வயதுக்கு மேல் அவள் ஓட்டப் பழகினாள். வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸுக்கு அவனை நகரத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவதுதான் அந்தக் காருக்கு இருந்த வேலை. திரும்பும்போது அவனால் பஸ்ஸில் நிற்க முடியாது.

மறுநாள் இருவரும் தாமுவேயில் மைமூனின் டயர் கடைக்குப் போனார்கள். கணவன் இறந்தபின் கடையை அவளே நடத்திவந்தாள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"புதுசு இந்த அளவுல வர்றதே இல்லக்கா. கப்பலே வர மாட்டேங்குது. ஜப்பான்ல கழட்டினது ரெண்டு செட் இருக்கு, பாருங்க" என்றாள் மைமூன்.

ஒரு செட்டில் தரையைப் பிடிக்கும் பட்டன் வெட்டுகள் ஆழமாக, புதிது போலவே இருந்தது. மற்றது பாதி தேய்ந்திருந்தது. விஜயகுமாரியின் கை தானாக முதலாவதின் மேல் போயிற்று. விரலால் அழுத்தியபோது ரப்பர் மெத்தென்று அமுங்கியது.

"அது பனிக்குன்னு செஞ்சது. அவுங்க ஊர்ல பனி கொட்டுற மாசத்துக்கு மட்டும் மாட்டுவாங்க. நம்ம வெயிலுக்கு இளகிக் கரைஞ்சிரும். ஒரு வருஷம் ஓடினா பெரிசு. ஈரத்துல பிரேக் புடிச்சா சட்டுனு நிக்காது. ஆனா வெல கம்மி. இது வெயில் காலத்து டயரு. பார்க்கத்தான் தேஞ்சாப்புல இருக்கு. உங்க ஓட்டத்துக்கு மூணு வருஷம் தாராளமா வரும்."

"பனி டயரையே மாட்டுங்க" என்றான் உதயசூரியன், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே.

"ஈரத்துல நிக்காதுன்னு சொல்றாங்களேங்க."

"நீ மெதுவாத்தான ஓட்டுற. ஒரு வருஷம் போதும்."

"அப்புறம்?"

அவன் தெருவைப் பார்த்தான். மைமூன் சங்கடத்தோடு, "லப்பெயே டீ வாங்கியாரச் சொல்லவா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. அவருக்குத் தண்ணி அளவுதான். டீயும் குடிக்கக் கூடாது" என்றாள் விஜயகுமாரி. பிறகு அவன் முன்னால் போய் நின்றாள். "யாருக்குப் போதும் ஒரு வருஷம்?"

"இங்க வச்சு என்னத்துக்கு குமாரி?"

"சொல்லுங்க."

"போன வாரம் நீ பெட்ரோலுக்கு வரிசையில நின்னப்ப டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். இருதயம் தாங்காதாம். கிட்னி மாத்துறதுக்கும் இனி வழியில்லயாம். ஒரு வருஷம்னு அவரே சொல்லல. நானா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன்." அவன் குரல் தாழ்ந்தது. "இந்த வண்டி எனக்காகத்தான ஓடுது. அப்புறம் வித்துடு. விக்கப்போற வண்டிக்கு எதுக்கு நல்ல டயரு?"

தன்னுடைய தம்பியின் சிறுநீரகம் பொருந்துமா என்று பார்க்க அவனை மாண்டலேயிலிருந்து வரச் சொல்லியிருந்தாள் அவள். ஒரு வாரமாக அந்தப் பேச்சை உதயசூரியன் தலையாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான். அதை நினைத்ததும் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"வெயில் டயரை மாட்டும்மா" என்றாள் மைமூனிடம். "அடுத்த வருஷம் மறுபடி டயர் மாத்த நான் தனியா இங்க வந்து நிக்க மாட்டேன்."

மைமூன் ஜாக்கியை எடுத்து வந்தாள். சக்கரங்கள் கழன்று மாட்டப்படும்வரை கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் இருந்தார்கள். ஒரு முறை அவன் அவள் கையைத் தொட்டான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

வீடு போகும் வழியில் இன்செயினில் சாலை கணுக்கால் அளவு நீரில் கிடந்தது. வண்டி தடுமாறாமல் போயிற்று. "நல்லாத்தான் புடிக்குது" என்றான் அவன். அன்றிரவு தம்பிக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் ஓட்டினாள். மின்சாரம் போய், ஜெனரேட்டர் எழும்வரை சிகிச்சை பாதியில் நின்ற நாட்கள் இருந்தன. ஊசி குத்த இடம் கிடைக்காமல் நர்ஸ் திணறிய நாட்கள் இருந்தன. அவன் கணக்குப் போட்ட ஓராண்டுகூட வரவில்லை. தடின்ஜூட் விளக்குத் திருநாள் முடிந்த வாரத்தில், ஒரு விடியலில், எழுப்பப் போனவள் அவன் உடம்பு குளிர்ந்திருந்ததைக் கண்டாள்.

காரியங்கள் முடிந்ததும் காரை விற்கத்தான் நினைத்தாள். இரண்டு பேர் வந்து பார்த்தும் போனார்கள். அப்போதுதான் ஜெயம்மாவின் மகள் போன் செய்தாள். ஜெயம்மா ஆஸ்பத்திரியில் உதயசூரியனுக்குப் பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸுக்குப் படுத்தவள். "அம்மா போன வாரம் பஸ்ஸுல மயங்கி விழுந்துட்டாங்க அக்கா. டாக்சியும் கெடைக்கல. ஒரே ஒரு தடவ…"

போகக் கூடாது என்றுதான் இருந்தது. அந்த வார்டின் மருந்து வாடை இன்னும் நினைவில் இருந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை சாவியை எடுத்தாள்.

ஜெயம்மா முன்கதவைத் திறந்துவிட்டு, உட்காராமல் நின்றாள். "நான் பின்னாடி போறேன் கண்ணு."

"வேணாம். காலை நீட்டிக்க இங்கதான் தோது" என்றாள் விஜயகுமாரி.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெயம்மாவை மெல்ல இறக்கிவிட்டாள். அவள் உள்ளே போகவில்லை. காரை மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சிகிச்சை முடியும்வரை அங்கேயே அழுதுகொண்டிருந்தாள். முடிந்து வந்த ஜெயம்மாவை வீட்டில் விட்டபோது, "வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.