தெற்கு முனையில் புகை

நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் குரோட்டன் செடியில் ஓர் இலை சுருளும். ஓரம் கறுக்கும். நூல் மாதிரிப் புகை எழும். காற்று அசையாது. மையவாடியில் மற்றக் கபுறுகளின் செடிகள் எல்லாம் பச்சையாகவே நிற்கும்.

கருகும் செடி மிளகு வியாபாரி ஜுனைதீனை அடக்கிய இடத்தில், தலைமாட்டில் நட்டது. கபுறில் நட்ட கொப்பு பச்சையாக இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு வேதனை குறையும் என்று பலாபத்வலயில் நம்புகிறார்கள். அது கருகினால்?

“தராசுல வெரல் வச்ச ஆளுதானே,” என்றான் லொறி ஓட்டும் ஷிஃபான், தேத்தண்ணிக் கடையில். “இப்பதான் வெரலு சுடுது.”

ஜுனைதீனின் மனைவி நூருன்னிஸா, மதிலுக்கு வடக்குப் பக்கத்தில் இருந்த கராம்பு எண்ணெய் ஆலையில் வேலை செய்தாள். பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் அந்தச் செடி மட்டும்தான் அவளுக்குத் தெரியும். புகை தொடங்கியதிலிருந்து அவளுக்குப் பகல் சோறு இறங்கவில்லை.

“மாமி, இங்க வாங்க. காட்டுறன்,” என்றான் றினோஸ். ஆலையின் சூரியத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவன்.

தொட்டி என்றால் வடக்குத் தெற்காகக் கிடக்கும் நீண்ட, வளைந்த கண்ணாடி. விழுகிற வெயிலையெல்லாம் அது தனக்கு மேலே ஓடும் குழாயில் ஒரே கோடாகச் சேர்க்கும். குழாய்த் தண்ணீர் கொதிக்கும். காலையில் தொட்டி கிழக்கே சாய்ந்திருக்கும். சூரியனோடு திரும்பி மாலையில் மேற்கே சாயும். வடக்கே, தெற்கே திரும்ப அதனால் முடியாது.

“டிசம்பர்ல சூரியன் தெக்கால நிக்கும். வெயில் சரிஞ்சு விழுந்து, சரிஞ்சே வடக்கால போவும். அப்ப அந்தக் கோடு குழாயத் தாண்டி வடக்கு முனையில வெளிய நீட்டும். இத செஞ்ச நாட்டுல சூரியன் எப்பவும் தெக்காலதான் மாமி. வடக்குல மட்டும் எடம் விட்டாப் போதும்னு படத்துல போட்டிருந்தாங்க, நாங்களும் அப்படியே விட்டோம். நம்ம நாட்டுல ஏப்ரல்ல சூரியன் உச்சந்தலைக்கு வந்து, பொறகு வடக்கால போயிடுதே! இப்ப ஜூன். கோடு தெக்கு முனையால வெளிய வருது.”

அவன் ஒரு காய்ந்த இலையைக் குழாயின் தெற்கு முனைக்கு அப்பால் வெறும் காற்றில் நீட்டினான். அது கறுத்துச் சுருண்டது.

“உச்சிப் பொழுதுல மட்டும்தான் கோடு செடிக்கு நேரா வரும். அதான் அந்த நேரத்துல மட்டும் பொகை.”

தெற்கு ஓரத்துக் கண்ணாடியை ஈரச் சாக்கால் மூடினான். செடியின் மேலிருந்த வெள்ளைக் கோடு அணைந்தது. புகை நின்றது.

“பாத்தீங்களா? கபுறு இல்ல. கண்ணாடி.”

நூருன்னிஸா வெகுநேரம் பார்த்தாள். “அப்ப இது நாம மூட்டின நெருப்பு,” என்றாள்.

“நாமதான் மாமி. இனி வராது.”

மறுநாள் உச்சியில் மறுபடியும் புகை. றினோஸ் ஓடினான். சாக்கு நான்காக மடித்துத் தரையில் வைக்கப்பட்டிருந்தது. நூருன்னிஸா தூணோரம் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன.

“மாமி, ஏன் எடுத்தீங்க?”

அவள் ஓதி முடித்தாள்.

“அல்லாஹ்ட நெருப்புன்னா நான் ஒன்னும் செய்ய ஏலாது, தம்பி. இது நம்ம கையில ஈக்கிற நெருப்புன்னு நீங்கதான் சொன்னீங்க. இங்க கொஞ்சம் எரிஞ்சா அங்க அவருக்குக் கொறையும்தானே?”

“ஊரு என்னமோ பேசுது. அதப் போயி...”

“ஊருக்கு என்ன தெரியும்? அந்தத் தராசு எங்க வீட்டுலதான் ஈந்திச்சு.”

ஓர் இலை கருகி மதிலுக்கு அப்பால் விழுந்தது. அது விழுந்த சத்தம் கேட்டதுபோல அவள் தலையை ஆட்டினாள்.

“இந்த வெளிச்சம் எது வரைக்கும் வரும்?”

“செப்டெம்பர் தொடங்குற வரைக்கும். நாளாக ஆக நீட்டு கொறையும். பொறகு சூரியன் தெக்கால போயிடும்.”

நூருன்னிஸா செடியில் மிஞ்சியிருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“அதுக்குள்ள அவர்ட கணக்கு முடிஞ்சிடுமா?” என்று கேட்டாள். றினோஸைப் பார்த்து அல்ல.