பதினொன்று பத்துக்கு இணைப்பில் இருந்த வீடு

தாமரைச்செல்வி தருமபுரத்தில் ஒரு மாடி அறையை வைத்துக்கொண்டு, ஆயிரத்து எண்ணூறு வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுத்து வந்தாள். கேபிள் டிவி காலத்தில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிக் கற்றுக்கொண்ட தொழில். கம்பி அறுந்தாலும் மழையில் பெட்டி நனைந்தாலும் அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் அறையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினியின் மேல்தான். எந்த வீடு எந்த நேரத்தில் எந்த எண்ணில் இணையத்துக்குப் போனது என்பதை அது விடாமல் பதிந்துகொண்டே இருக்கும். இரண்டு ஆண்டு அதை வைத்திருந்து, அரசு கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. இரண்டு ஆண்டு முடிந்த நாளின் பதிவை மறுநாள் காலை ஆறு மணிக்குக் கணினி தானே அழித்துவிடும். அப்படித்தான் அவள் அமைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கிளிஞ்சல்மேட்டிலிருந்து பெரியநாயகி தன் மகள் கவியாவோடு மாடியேறி வந்தாள். கணவர் செல்லையன் ஃபைபர் படகு வைத்து மீன் பிடிப்பவர். வந்தவள் உட்காரவில்லை.

"ஏம்மா, எங்க வூட்டுப் பேர எழுதிக் குடுத்தது நீங்கதானா?"

தாமரைச்செல்விக்கு முதலில் புரியவில்லை. கவியாதான் சொன்னாள். இரண்டு ஆண்டுக்கு முன்பு வெளியூர்ப் பள்ளி ஒன்றுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் போயிருக்கிறது. அது கிளம்பியது இவர்கள் வீட்டு இணைப்பிலிருந்து என்று போலீஸ் வந்து, அவளுடைய லேப்டாப்பை எடுத்துப் போய்விட்டது.

"கடைசி வருஷ ப்ராஜெக்ட் அதுலதாங்க இருக்கு. நீ அப்ப எங்க இருந்தேன்னு கேக்குறாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள், காலையில பதினொண்ணு பத்துக்கு நான் எங்க இருந்தேன்னு எப்படிங்க சொல்றது? உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

தாமரைச்செல்வி இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். "ரெண்டு பேரும் உக்காருங்க. நான் பாத்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, இணைப்பு யாருடையது என்று கேட்டு போலீஸ் அனுப்பியிருந்த கடிதத்தை எடுக்கச் சொன்னாள்.

அலுவலகத்தில் பதிவுகளைப் பார்ப்பவன் செந்தில்குமார். ஆறு வருடமாக அவளோடு இருப்பவன். போன வாரம் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியவனும் அவன்தான். ஒரே இணைய முகவரியை நாற்பது வீடுகள் பகிர்ந்துகொள்ளும்; அதற்குள் வீட்டுக்கு வீடு ஒரு தனி எண். எந்த எண் எந்த வீட்டுக்கு என்பது நேரத்துக்கு நேரம் மாறும். நேரம் சரியாக இருந்தால்தான் வீடு சரியாக இருக்கும். தாமரைச்செல்வி கடிதத்தை மெல்லப் படித்தாள். 11:10 என்பதை அடுத்து மூன்று சிறிய எழுத்துகள் இருந்தன. யு.டி.சி. உலகப் பொது நேரம். மின்னஞ்சல் நிறுவனம் வெளிநாட்டில் இருப்பதால் அந்தக் கணக்கில் கொடுத்திருந்தது. நம் ஊர் நேரத்தில் அது மாலை நான்கு நாற்பது.

அவள் செந்தில்குமாரை உள்ளறைக்கு அழைத்துக் கடிதத்தைக் காட்டினாள். அவன் அந்த மூன்று எழுத்துகளைப் படித்தான்.

"நாந்தான்க்கா. பாக்காம வுட்டுட்டேன்."

"நானுந்தான் பாக்காம கையெழுத்துப் போட்டேன். நாலு நாப்பதுக்கு யாருன்னு பாரு."

அவன் நகரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, அந்த நாளுக்கு இன்னையோட ரெண்டு வருஷம் முடியுது. காலையில ஆறு மணிக்கு அதுவா அழிஞ்சிடும். தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா லைசன்ஸையே புடுங்கிடுவாங்க. அழிஞ்சிட்டா யாரும் நம்மள ஒண்ணும் கேக்க முடியாது."

அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளைச் சுட்டது. உரிமம் போனால் ஏழு பேர் சம்பளம் போகும், அவள் வீடும் நடக்காது. கதவிடுக்கு வழியே பார்த்தாள். கவியா சுவரில் இருந்த வேகத் திட்டங்களின் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பெரியநாயகி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"மொதல்ல அழிக்கிறத நிறுத்து" என்றாள் தாமரைச்செல்வி. "அந்த நாளைத் தனியா ஒரு டிஸ்க்குல ஏத்து. அப்புறம் தேடு."

நான்கு நாற்பதுக்கு அந்த எண் ஊருக்குள் இருந்த ஒரு தங்கும் விடுதியிடம் இருந்தது. இருவரும் மாற்றி மாற்றி மூன்று முறை சரிபார்த்தார்கள். பழைய தவறுக்கு மேல் இன்னொரு தவறு செய்ய இருவருக்கும் தெம்பில்லை. பிறகு அவள் வெளியே வந்து பெரியநாயகியின் எதிரில் நின்றாள்.

"தப்பு எங்க மேலங்க. நேரத்த மாத்திப் பாக்காம உங்க வூட்ட எழுதிட்டோம். இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்களும் வர்றீங்களா?"

பெரியநாயகி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "வர்றோம்" என்றாள்.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் திருஞானசம்பந்தம் தாமரைச்செல்வி எழுதிக் கொடுத்த கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பு உங்களுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. மேல இருந்து விளக்கம் கேப்பாங்க, தெரியுமில்ல?"

"கேக்கட்டும் சார். சொல்றேன்."

"கடைசியில இது என்ன? இணைப்பு யாருதுன்னுதான் பதிவு சொல்லும், ஆள் யாருன்னு சொல்லாதுன்னு?"

"அதையும் சேத்துப் படிச்சிக்குங்க சார். இல்லன்னா நாளைக்கு விடுதிக்காரர் இதே பெஞ்சுல வந்து உக்காந்திருப்பாரு."

அவர் பெஞ்சில் இருந்த கவியாவைப் பார்த்தார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று மீசைக்குள் வந்து போனது. "உங்களுக்கு அனுப்புன கடிதத்த நானும் படிச்சேன். அந்த மூணு எழுத்து என் கண்ணுலயும் படல" என்று சொல்லிவிட்டு எழுத்தரைக் கூப்பிட்டார்.

லேப்டாப் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. கல்லூரியில் கவியாவுக்கு இரண்டு வாரம் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். விடுதியின் வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு போலீஸ் வேறு திசையில் போனது. தாமரைச்செல்விக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரத்தான் செய்தது. நடந்ததை நடந்தபடி நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். ஐந்து வாரம் ஒழுங்கான தூக்கமில்லை. கடைசியில் ஓர் எச்சரிக்கையோடு விட்டார்கள். உரிமம் தப்பியது.

அதற்குள் செந்தில்குமார் ஒரு பக்கப் படிவம் ஒன்றைத் தயார் செய்திருந்தான். கேட்கப்பட்ட நேரம், அது எந்த நேரக் கணக்கு, இந்திய நேரம், சரிபார்த்த இருவரின் கையெழுத்து. இது நிரம்பாமல் எந்தப் பதிலும் வெளியே போகக்கூடாது. நாகூரில் இதே தொழில் செய்யும் ஜவஹர் அலி கேள்விப்பட்டு, "எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. இன்ஷா அல்லாஹ், நாளையிலேருந்து நம்ம ஆபீஸ்லயும் இதான்" என்றார். அவர் வழியாக அது இன்னும் சில ஊர்களுக்குப் போனது. திருஞானசம்பந்தமும் ஒரு பிரதியை வாங்கித் தன் மேசைக் கண்ணாடியின் கீழ் செருகிக்கொண்டார்.

ஆடி பிறந்த வாரம் பெரியநாயகி மறுபடியும் மாடியேறி வந்தாள். இந்தத் தடவை கேட்காமலே உட்கார்ந்தாள்.

"கவியாவுக்கு ரிசல்ட் வந்துடுச்சு. பாஸ்" என்றாள். தாமரைச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதையும் பெரியநாயகி தடுக்கவில்லை.

"கருக்களாச்சேரியில என் தங்கச்சி இருக்கா. அவ வூட்டுக்கும் ஒரு கனெக்‌ஷன் வேணுமாம். வேற கம்பெனிக்காரன் வந்து நிக்கிறான். நாந்தான் வேணாம்னுட்டேன். தப்பு பண்ணாலும் வந்து சொல்றவங்ககிட்டயே வாங்கிக்கடின்னேன்."

செந்தில்குமார் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டான். "தெருப் பேரு சொல்லுங்கக்கா" என்றான்.